எங்கள் வெள்ளம் தண்ணீர்தான்: தமிழ் கேட்கும் கருவிகளைச் செய்கிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பேச்சுத் தமிழைக் கேட்டு எழுத்தாக்கும் கருவிகளைச் செய்கிற பொறியாளர்களுக்கும், அவற்றை வாங்கித் தங்கள் செயலிகளில் பொருத்துகிற அலுவலகங்களுக்கும்,

வணக்கம்.

கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல்லில் சின்னதாக ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறேன். இருபத்தாறு வருஷமாகப் பிறர் சொல்வதைக் கேட்டுத் தட்டச்சு செய்வதுதான் என் பிழைப்பு. பட்டா மாற்ற மனு, முதியோர் உதவித்தொகை விண்ணப்பம், கோயில் கொடை நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, ஞானஸ்நானச் சான்றிதழில் பெயர் திருத்தம் என்று எல்லாம் வரும். வருகிறவர்கள் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து அவரவர் பேச்சில் சொல்வார்கள். நான் அலுவலகத்தில் படிக்கிறவருக்குப் புரிகிற தமிழில் அடித்துக் கொடுப்பேன். யோசித்துப் பார்த்தால் உங்கள் கருவி செய்கிற வேலையும் என் வேலையும் ஒன்றுதான். அந்த உரிமையில்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

என் அம்மைக்கு எழுபத்தேழு வயது. போன கோடையில் எங்கள் தெருவுக்கு நாலு நாள் குழாய்த் தண்ணீர் வரவில்லை. கிணறும் வற்றிக் கலங்கிவிட்டது. நான் கடையில் இருந்தேன். வீட்டில் இருந்த போனில் ஒரு புகார்ச் செயலி உண்டு. எழுதத் தெரியாதவர்களும் பேசியே புகார் கொடுக்கலாம் என்று அதில் போட்டிருந்தது. அம்மை மைக் படத்தை அழுத்திப் பேசினாள். அவள் பேசியது இதுதான்:

“மக்களே, நாலு நாளா பைப்பில வெள்ளம் வரல்ல. கெணத்துல வெள்ளம் கலங்கிக் கெடக்கு. எனக்க கால்ல சொகமில்ல, தூரத்துல போய் கோரியெடுக்க முடியாது.”

கருவி எழுதியது: “மக்களே நாலு நாளாக பைப்பில் வெள்ளம் வரவில்லை கிணற்றில் வெள்ளம் கலங்கி கிடக்கு எனக்கு கால் சுகமில்லை தூரத்தில் போய் கோரிக்கை எடுக்க முடியாது.”

எங்கள் பக்கத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். குடிக்கிற தண்ணீர், குளிக்கிற தண்ணீர், சோறு வடிக்கிற தண்ணீர் எல்லாம் வெள்ளம். கிணற்றிலிருந்து இறைத்து எடுப்பதை வெள்ளம் கோருவது என்போம். ஆனால் அந்தச் செயலி ‘வெள்ளம்’ என்ற சொல்லைப் பார்த்ததும் புகாரைத் தானாகவே வெள்ளப் பாதிப்பு என்ற தலைப்பில் போட்டுக்கொண்டது. இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது: தங்கள் பகுதியில் வெள்ளப் பாதிப்பு ஏதும் இல்லை, மனு முடிக்கப்பட்டது.

அன்று ராத்திரி அம்மை என்னிடம் கேட்டாள், “எனக்க பேச்சு அவ்வளவு மோசமா மக்களே?” என்று. ஒரே ஆளானாலும் எங்கள் பக்கத்தில் பாசமாக மக்களே என்றுதான் கூப்பிடுவோம். இருபத்தாறு வருஷம் பிறர் பேச்சை எழுதிக் கொடுத்த எனக்கு அதற்கு உடனே பதில் வரவில்லை.

இதில் தண்ணீர் வராததைவிட எனக்கு வலித்தது அடுத்த வாரம் பார்த்த ஒரு காட்சி. அடுக்களை வாசல்படியில் போனை வைத்துக்கொண்டு அம்மை தனியாகப் பேசிப் பார்த்துக்கொண்டிருந்தாள். “தண்ணீர். தண்ணீர் வரவில்லை. கிணற்றில் தண்ணீர் இல்லை.” டிவியில் செய்தி வாசிக்கிறவர்களைப் போல ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, உதட்டைக் குவித்துச் சொன்னாள். கருவி சரியாக எழுதியதும் அவள் முகத்தில் ஒரு சந்தோஷம். பள்ளிக்கூடத்தில் ஸ்லேட்டுக்குச் சரி போட்டுக் கொடுத்தால் பிள்ளைகளுக்கு வருமே, அந்த மாதிரி. எழுபத்தேழு வயதில் ஒரு பொருளுக்காகத் தன் நாக்கை மாற்றக் கற்றுக்கொண்டிருந்தாள். மாறியிருக்க வேண்டியது அந்தப் பொருள்.

உங்கள் மேல் கோபம் என்று நினைக்க வேண்டாம். இது ஏன் நடக்கிறது என்று படித்துப் பார்த்தேன், தெரிந்தவர்களிடம் கேட்டும் பார்த்தேன். எனக்குப் புரிந்தவரை உங்கள் கருவி ஒலியை மட்டும் கேட்பதில்லை. இந்த ஒலிக்கு எந்தெந்தச் சொல் பொருந்தலாம், முன்னே வந்த சொல்லுக்குப் பின்னே எது வர வாய்ப்பு அதிகம் என்று இரண்டையும் சேர்த்துத்தான் முடிவெடுக்கிறது. அதற்குப் பழக்கமான சொல்தான் ஜெயிக்கும். பழக்கம் எங்கிருந்து வருகிறது? எழுத்தோடு சேர்ந்த ஒலி எங்கே எளிதாகக் கிடைக்கிறதோ அங்கிருந்து. செய்தி, மேடைப்பேச்சு, யூடியூப், யாராவது வாசித்த புத்தகம். 2022-இல் வந்த விஸ்பர் என்ற கருவிக்குப் பயிற்சியாக 6,80,000 மணி நேர ஒலியைக் கொடுத்தார்கள். அதில் ஆங்கிலம் தவிர்த்த 96 மொழிகளின் பேச்சுக்கும் சேர்த்துக் கிடைத்தது 1,17,000 மணி நேரம். அந்தப் பங்கில் தமிழுக்கு ஒரு பங்கு, தமிழுக்குள் குமரி மாவட்டத்துக்கு ஒரு பங்கு, அதற்குள் வெள்ளம் கோருகிற என் அம்மைக்கு ஒரு பங்கு என்று பிரித்துக்கொண்டே போனால் என்ன மிஞ்சும்?

சரி, காது பழகவில்லை, அதனால் தப்பாகக் கேட்கிறது. அதை நான் பெரிய குற்றமாகச் சொல்லவில்லை. மதுரையிலிருந்து மாற்றலாகி வந்த அதிகாரிகளும் முதல் மாதம் எங்கள் பேச்சைத் தப்பாகத்தான் கேட்பார்கள். ஆனால் அவர்கள் திருப்பிக் கேட்பார்கள், “என்னம்மா சொன்னீங்க?” என்று. நானும் கேட்பேன். கடலோர ஊர்க்காரர் சொல்லும் சில சொற்கள் ஒன்பது கிலோமீட்டர் தள்ளி வளர்ந்த எனக்கே முதலில் தெரியாது. கேட்டுத்தான் கற்றேன். உங்கள் கருவி கேட்பதே இல்லை. தெரியாத இடத்தில் தெரிந்த ஒரு சொல்லை எடுத்து வைத்து, மடிப்புக் கலையாத வாக்கியமாகக் கொடுத்துவிடுகிறது. தப்பு தப்பாகத் தெரிந்தால் யாராவது திருத்துவார்கள். இதுவோ நல்ல தமிழாகத் தெரிகிறது. அதனால் பேசியவர், தான் சொன்னதுதான் தப்பு என்று நினைத்துக்கொள்கிறார்.

ஒரே ஒரு எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்தில் ‘என்னுடைய’ என்பதற்கு ‘எனக்க’ என்போம். எனக்க வீடு, உனக்க பேரு, அவளுக்க மாப்பிள்ள. எழுத்தில் இது அநேகமாக வராது. ஆகவே கருவி ஒவ்வொரு தடவையும் ‘எனக்கு’ என்று மாற்றிவிடுகிறது. “எனக்க பைசா தரணும்” என்று ஒரு கட்டடத் தொழிலாளி சொல்கிறார். செய்த வேலைக்கு வரவேண்டிய என் பணத்தைத் தர வேண்டும் என்று அர்த்தம். கருவி எழுதுகிறது: “எனக்கு பைசா தரணும்.” இது உதவி கேட்பது மாதிரி ஆகிவிடுகிறது. உரிமையும் இரப்பும் ஒரு உகரத்தில் இடம் மாறுகின்றன. இந்த மாதிரி ஒரு மனுவை நான் கையால் திருத்திக் கொடுத்திருக்கிறேன். திருத்தாமல் போனவை எத்தனை இருக்கும்?

இன்னொன்று ‘ஆக்கும்’. “நான் முஞ்சிறைக்காரியாக்கும்”, “அது எனக்க மாமனாக்கும்.” உறுதியாகச் சொல்கிறோம் என்று காட்ட வாக்கியக் கடைசியில் வருவது. மற்ற ஊர்களில் இதே சொல் சந்தேகத்தைக் காட்டும்: அவர்தான் மாமனாக்கும், எனக்குத் தெரியாது, என்கிற மாதிரி. கருவி சில சமயம் இதை விழுங்கிவிடுகிறது, சில சமயம் ‘ஆக்கு’ என்று வெட்டி நிறுத்துகிறது. ஒரு சாட்சி சொல்கிற இடத்தில் உறுதிக்கும் சந்தேகத்துக்கும் எவ்வளவு தூரம் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இதெல்லாம் மலையாளக் கலப்பு, திருத்திக்கொண்டால் என்ன என்று சிலர் கேட்பார்கள். சென்னையில் படித்த பிள்ளைகளே என்னிடம் கேட்டதுண்டு. அவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எட்டாம் வேற்றுமைக்குப் பெயர் என்ன? விளி வேற்றுமை. ‘அம்மை விளிக்கா’ என்று நாங்கள் சொன்னால் மட்டும் அது எப்படி மலையாளம் ஆகும்? விளித்தல் என்ற சொல்லை மற்ற ஊர்கள் இலக்கணப் புத்தகத்தில் வைத்துப் பூட்டிவிட்டன. நாங்கள் சாப்பிடக் கூப்பிடுவதற்குப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறோம். உண்மையிலேயே மலையாளத்திலிருந்து வந்த சொற்களும் உண்டு, அதில் எனக்கு ஒளிவுமறைவு இல்லை. களியக்காவிளை தாண்டினால் கேரளம். பெண் கொடுத்து, பெண் எடுத்து, சந்தைக்குப் போய் வந்த மக்கள். வந்த சொல் வந்ததுதான், இப்போது எங்கள் வாயில் இருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு பழைய கதையையும் சொல்லிவிடுகிறேன், உங்களில் பலர் வெளியூர்க்காரர்களாக இருப்பீர்கள். நாங்கள் 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். அதுவரை திருவிதாங்கூர்-கொச்சி. தமிழ் பேசுகிறவர்கள் தமிழகத்தோடு சேர வேண்டும் என்று மார்ஷல் நேசமணி தலைமையில் போராட்டம் நடந்தது. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டதில் ஆட்கள் செத்தார்கள். புதுக்கடை என் கடையிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் வந்துவிடும். என் அம்மைக்கு அப்போது ஐந்தாறு வயது. அவளுடைய அப்பா அன்று வீட்டுக்கு வர இருட்டிவிட்டது என்பதும், வாசலில் யாரும் விளக்கேற்றவில்லை என்பதும் அவளுக்கு இன்னும் ஓர்மை. நாங்கள் தமிழர்கள் என்று சொன்னதற்காகச் சுடப்பட்ட ஊர்களின் பேச்சு இது. அதைக் கேட்டுவிட்டு ஒரு தமிழ்க் கருவி ‘தெளிவாகத் தமிழில் பேசவும்’ என்று திரையில் காட்டுவதை, தயவுசெய்து, கொஞ்சம் எங்கள் இடத்தில் இருந்து பாருங்கள்.

அப்புறம் கடல். இதைச் சொல்லத்தான் உண்மையில் மடலை ஆரம்பித்தேன், வெள்ளம் முந்திக்கொண்டது.

கடற்கரை ஊர்களில் மரம் என்றால் கட்டுமரம். மடி என்றால் வலை. கரையிலிருந்து இழுக்கிற வலை கரமடி. பாடு என்றால் அன்றைக்குக் கிடைத்த மீன், அதன் வரும்படி. கடலின் நீரோட்டத்தை நீவாடு என்பார்கள். காற்றுக்குத் திசைவாரியாகப் பெயர்: வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், தெற்கிலிருந்து சோழகம், மேற்கிலிருந்து கச்சான். “கச்சான் அடிக்கு, மரம் இன்னும் வரல்ல” என்று ஒரு பெண் சொன்னால், கரையில் நிற்கிற எல்லாருக்கும் அடிவயிறு கலங்கும். கருவிக்கு அதில் ஒரு மரம்தான் தெரியும், இலையும் கிளையும் உள்ள மரம்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் எங்களைக் கடந்து போனது. ரப்பரும் வாழையும் சாய்ந்து கிடந்தன, மின்கம்பங்கள் விழுந்து பல நாள் கரண்ட் இல்லை. கம்ப்யூட்டர் ஓடாததால் கடையில் மெழுகுவர்த்தி வைத்துக் கையால் மனு எழுதினேன். கடலுக்குப் போனவர்கள் திரும்பவில்லை என்று வந்த மனுக்கள். எத்தனை எழுதினேன் என்று எண்ணவில்லை. அதில் ஒரு பெண், முப்பது வயதுகூட இருக்காது, நான் எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்னாள். ‘கட்டுமரத்தில் சென்ற என் கணவர்’ என்று வாசித்தேன். “இல்ல அக்கா, மரத்தில போகல்ல. போட்டிலாக்கும் போனது. தங்கு கடலுக்கு.” நான் அடித்துத் திருத்தினேன். அவள் மறுபடியும் வாசிக்கச் சொன்னாள். மூன்று தடவை.

அவள் ஏன் அதில் அவ்வளவு பிடிவாதமாக இருந்தாள் என்பது அன்று ராத்திரிதான் எனக்கு உறைத்தது. மரம் கரையைப் பார்த்த தூரத்தில் தொழில் செய்து அன்றைக்கே திரும்பும். தங்கு கடலுக்குப் போகிற விசைப்படகு நாள்கணக்கில் ஆழ்கடலில் கிடக்கும். எங்கே தேட வேண்டும் என்பதே அந்த ஒரு சொல்லில்தான் இருந்தது. அவள் எழுதப் படிக்கத் தெரியாதவள். ஆனால் தாளில் எந்தச் சொல் நிற்கிறது என்பதில் என்னைவிடக் கவனமாக இருந்தாள். அவளிடம் நான் திருப்பி வாசித்துக் காட்டினேன். அதனால் தப்பித்தோம். ‘தங்கு கடல்’ என்று இப்போது ஒரு கருவியிடம் சொல்லிப் பார்த்தேன். ‘தங்க கடல்’ என்று எழுதியது.

ஒக்கிக்குப் பிறகு கடலுக்குச் செய்தி அனுப்ப வழி தேடினார்கள். 2019-இல் ஜெமினி என்ற கருவியை மத்திய அரசு அறிமுகம் செய்தது. ககன் என்ற செயற்கைக்கோள் அமைப்பு வழியாகக் கரையிலிருந்து தூரத்தில் இருக்கிற படகுக்கும் புயல் எச்சரிக்கை போகும். நல்ல காரியம். ஆனால் அது ஒருவழிப் பாதை. கரை சொல்வது கடலுக்குக் கேட்கும், கடல் சொல்வது கரைக்கு வராது. இருவழியாகச் செய்தி அனுப்பும் கருவிகளும் இப்போது படகுகளுக்கு வரத் தொடங்கிவிட்டன. நாளைக்குப் பேசினாலே போதும் என்று வரும். அதில் உங்கள் கருவிதான் உட்கார்ந்திருக்கும். எஞ்சின் நின்றுபோன ஒரு படகிலிருந்து சின்னத்துறைக்காரரோ வள்ளவிளைக்காரரோ நீவாடு எந்தப் பக்கம் இழுக்கிறது என்று சொல்லும்போது, அவரை டிவி தமிழில் பேசச் சொல்ல முடியாது. பயத்தில் இருக்கிற மனுஷனுக்குத் தாய் சொல்லிக்கொடுத்த பேச்சுதான் வரும்.

வயலிலும் தோட்டத்திலும் இதே கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். நாஞ்சில் நாட்டில் நெல்லுக்கு இரண்டு பூ: கன்னிப்பூ, கும்பப்பூ. பூ என்றால் இங்கே சாகுபடிப் பருவம். விவசாயத் துறையே அந்தப் பெயர்களைத்தான் எழுதுகிறது, கருவிதான் மல்லிகை, பிச்சி பக்கம் போய்விடுகிறது. குலசேகரம் பக்கம் ரப்பர் மரத்தில் கத்தி போடுவதைப் பால்வெட்டு என்பார்கள். ‘பால் வெட்டப் போனேன்’ என்று ஒரு தொழிலாளி விபத்து மனுவில் சொன்னது என்னவாக வந்தது என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். நாகர்கோவிலின் நடுவில் இருக்கிற வேப்பமூட்டில் மூடு என்பது மரத்தின் அடி. அதைச் சொன்னால் கதவை மூடச் சொல்வதாக எடுத்துக்கொள்கிறது.

என் தங்கை மகள் ஒருத்தி கல்லூரியில் படிக்கிறாள். பாட்டியின் சமையலை ரீல்ஸ் போடுகிறாள். மரச்சீனி என்கிற மரவள்ளிக்கிழங்கை அவித்து மீன் கூட்டான், அதாவது குழம்பு வைப்பது, சக்கைக்கொட்டை போட்ட அவியல், உள்ளித் தீயல். நன்றாக எடுப்பாள், வெளிநாட்டில் இருக்கிற எங்கள் ஊர்க்காரர்கள் நிறையப் பேர் பார்க்கிறார்கள். சக்கை எங்களுக்குப் பலாப்பழம், மற்ற ஊருக்குச் சாறு பிழிந்து எறிந்த மிச்சம். தானாக வரும் எழுத்தில் அவளுடைய கூட்டான் கூட்டமாகிவிடும், மரச்சீனி வெறும் சீனியாகிவிடும். காது கேட்காத ஒரு அக்கா அவளுக்கு எழுதியிருந்தார்களாம், நீ சொல்வதை என்னால் பின்தொடர முடியவில்லை என்று. அதிலிருந்து ஒவ்வொரு ரீலுக்கும் ராத்திரி பன்னிரண்டு மணிவரை இருந்து கையால் எழுத்துப் போடுகிறாள். தோழி ஒருத்தி, கொஞ்சம் ‘நார்மலா’ பேசினால் இந்தப் பாடே இல்லையே என்று சொன்னாளாம். இவள் மாட்டேன் என்றிருக்கிறாள். எனக்கு அவளை நினைத்தால் பெருமையாக இருக்கிறது. ஆனால் பத்தில் எட்டுப் பேர் நார்மலுக்குப் போய்விடுவார்கள் என்பதும் தெரியும். சினிமாவில் எங்கள் பேச்சு வந்தால் பெரும்பாலும் சிரிக்க வைக்கவே வரும், அதுவும் திருநெல்வேலிப் பேச்சோடு குழைத்து. அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் கருவியும் கைவிட்டால் வேறு என்ன செய்வார்கள்?

குரல் தானம் கேட்கிற ஒரு தளத்தில் நானே போய்ப் பேசினேன், என் பங்குக்கு ஏதாவது செய்யலாமே என்று. திரையில் ஒரு வாக்கியம் வரும், அதை வாசிக்க வேண்டும். வந்த வாக்கியங்கள் எல்லாம் பாடப்புத்தகத் தமிழ். நாற்பது வாக்கியம் வாசித்தேன். ஒன்றில்கூட நான் வீட்டில் பேசுகிற ஒரு சொல் இல்லை. குரல் குமரி மாவட்டம், சொல் வேறு எங்கோ. இப்படி ஆயிரம் பேர் வாசித்தாலும் உங்கள் கருவிக்கு எங்கள் தொண்டை பழகுமே தவிர எங்கள் பேச்சு பழகாது. இதை மாற்ற முடியும் என்பதற்கு அத்தாட்சியும் இருக்கிறது. சென்னை ஐஐடியின் ஏஐ ஃபார் பாரத் குழு 2024-இல் 22 இந்திய மொழிகளில் திரட்டி வெளியிட்ட ஒலித்தொகுப்பில் பெரும்பகுதி வாசித்தது இல்லை, மக்கள் தாங்களாகப் பேசியது. மாவட்டம் மாவட்டமாகப் போய் எடுத்திருக்கிறார்கள். அந்த வழியைத்தான் எங்கள் மண்ணில் இன்னும் ஆழமாகத் தோண்டச் சொல்கிறேன். 2011 கணக்குப்படி நாங்கள் 18.7 லட்சம் பேர். அகஸ்தீசுவரத்துக்காரர் பேச்சும் விளவங்கோட்டுக்காரர் பேச்சும் ஒன்று இல்லை. கடற்கரை தனி, மலையோரம் தனி. ஒரு ஊரில் பத்துப் பேரைப் பிடித்துவிட்டு மாவட்டம் முடிந்தது என்று எழுதிவிடாதீர்கள்.

வந்தால் பேசவிட்டுப் பதியுங்கள். மீன் ஏலம் நடக்கிற இடத்தில், ரப்பர் ஷீட் அடிக்கிற கொட்டகையில், கொடைக்கு வரி பிரிக்கிற கூட்டத்தில். ஆனால் கேட்டுவிட்டுப் பதியுங்கள், எதற்கு என்று எங்கள் பேச்சிலேயே விளக்கிச் சொல்லுங்கள், வேண்டாம் என்று பின்னால் சொன்னால் அழிக்க வழி வையுங்கள், அன்றைய கூலியைக் கொடுங்கள். பேசுவதும் வேலைதான். பதிந்ததை எழுதுவதற்கு அந்தந்த ஊர்ப் பிள்ளைகளையே வையுங்கள். எங்கோ தூரத்தில் உட்கார்ந்திருப்பவர் ‘எனக்க’ என்று கேட்டால் ‘எனக்கு’ என்றுதான் எழுதுவார், அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அப்புறம் அந்தத் தப்பையே கருவிக்குப் பாடமாகக் கொடுப்பீர்கள். முதலில் பேசினபடியே எழுதட்டும். எழுத்துத் தமிழ் தேவையானால் அதைப் பக்கத்தில் தனியாக வைக்கலாம். நாகர்கோவில் வானொலியையும் கேட்டுப் பாருங்கள். 1984-இல் தொடங்கிய, இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் அது. வயலுக்கும் கடற்கரைக்கும் போய்ப் பேட்டி எடுத்தவர்கள் அங்கே இருந்தார்கள்.

அதுவரை காத்திருக்காமல் இப்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு. எழுதுகிற ஒவ்வொரு சொல்லும் எவ்வளவு நிச்சயம் என்று கருவிக்குள் ஒரு கணக்கு ஓடுகிறதாமே. அந்தக் கணக்கை ஒளித்து வைக்காதீர்கள். நிச்சயம் இல்லாத சொல்லுக்கு அடியில் ஒரு கோடு போடுங்கள், “இதைத்தான் சொன்னீர்களா?” என்று திருப்பி வாசித்துக் காட்டுங்கள். என் கடையில் நான் மூன்று தடவை வாசித்தேன். உங்கள் கருவிக்கு ஒரு தடவை வாசிக்க ஒரு நொடி ஆகாது.

அலுவலகங்களுக்கு ஒன்று. பேசிக் கொடுத்த புகாரில் பேசியவர் சம்மதித்தால் குரலையும் சேர்த்தே வையுங்கள். எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு குரலை எறிந்துவிடாதீர்கள். ‘வெள்ளம் வரவில்லை’ என்று புகார் வந்தால் யாருக்கும் ஒரு சந்தேகம் வர வேண்டும். அந்த அதிகாரி ஒரு பட்டனை அழுத்தி அம்மையின் குரலைக் கேட்டிருந்தால், குமரி மாவட்டத்தில் வேலை பார்க்கிறவர் என்ற முறையில் அவருக்கு ஒரு வினாடியில் புரிந்திருக்கும்.

நான் தொழிலுக்கு வந்தபோது தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குறியீட்டில் இருந்தன. மார்த்தாண்டத்தில் அடித்த கல்யாணப் பத்திரிகையை என் கம்ப்யூட்டரில் திறந்தால் வெறும் பூச்சி பூச்சியாகத் தெரியும். இது இப்படித்தான் என்று அன்றும் சொன்னார்கள். பலர் உட்கார்ந்து பேசி, 2010-இல் தமிழக அரசும் யூனிகோடை ஏற்றுக்கொண்டு, இன்று எந்த ஊரில் அடித்தாலும் எந்த ஊரிலும் படிக்க முடிகிறது. அதை என் கண்ணால் பார்த்தவள் நான். அதனால்தான் உங்களால் முடியும் என்று நம்பி எழுதுகிறேன்.

அம்மையிடம் இந்த மடலை வாசித்துக் காட்டினேன். யாராவது வந்தால் பேசத் தயார் என்கிறாள். ஒரு மணி நேரம் என்ன, ஒரு நாள் முழுக்கப் பேசுவாள். புதுக்கடையைப் பற்றிச் சொல்ல அவளிடம் நிறைய இருக்கிறது. காலில் சுகமில்லாததால் நீங்கள்தான் வீட்டுக்கு வர வேண்டும். கடை ஒன்பதரை மணிக்குத் திறப்பேன், ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. கருங்கல் சந்தையில் வந்து டிடிபி கடை அக்கா என்று கேட்டால் காட்டித் தருவார்கள். வெயிலில் வருவீர்கள், வந்ததும் அம்மை குடிக்க வெள்ளம் வேணுமா என்று கேட்பாள். பதிவுக் கருவியை அதற்கு முன்னாலேயே போட்டுவிடுங்கள்.

அன்புடன்,
ஒரு தட்டச்சர்
கருங்கல், குமரி மாவட்டம்